ஆனா ஆவன்னாவுக்கு முன்னாடி...



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், சிரிப்புத் துணுக்கு இருக்கும், வேலைவாய்ப்பைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும். "சிவில் படிக்கிறவன் பால்வாடிப் பிள்ளைகளைப் பத்தி எழுதி என்னடா ஆகப் போகுது?" என்று பஸ்ஸில் தினமும் என்னோடு வரும் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல ஒரு வைவாவிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலாம் ஆண்டு, இயற்பியல் ஆய்வகம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் கையில் ஸ்குரூ காஜைக் கொடுத்து, "இதோட லீஸ்ட் கவுண்ட் என்னப்பா?" என்றார். எனக்குத் தெரியும். 0.01 மில்லிமீட்டர். நேற்று ராத்திரிகூட எழுதிப் பார்த்தேன். ஆனால் வாய் வரவில்லை. கழுத்தில் வேர்வை வழிய நின்றேன். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டு அடுத்தவனைப் பார்த்தார். மார்க் போனது பெரிசில்லை. தெரிந்ததைச் சொல்ல ஏன் எனக்கு வாய் வரவில்லை? அன்று பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு போனேன். யோசித்தால், இந்த ஊமைத்தனம் எனக்குப் புதுசில்லை. ஐந்து வயதில் வந்தது.

2012 ஜூன் மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். அப்பா கொத்தனாருக்குக் கையாள். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை. கோவில்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், அது 'ஆபீஸ்' இல்லை, தொழிற்சாலை. ஆனால் அப்படித்தான் சொல்வோம். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். அதனால் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் வீட்டையும் வாசலையும் தவிர நான் ஒன்றும் பார்த்ததில்லை. முதல் நாள் டீச்சர் பேர் கேட்டார்கள். சொல்லவில்லை. சிலேட்டுக்குச்சி கொடுத்தார்கள். பிடிக்கத் தெரியவில்லை. ஒன்றுக்குப் போகணும் என்று யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டேன். மொத்த வகுப்பும் சிரித்தது. அந்தச் சிரிப்பு பல வருஷம் என் கூடவே வந்தது. டீச்சர் மேல் தப்பில்லை. சிரித்த பிள்ளைகள் மேலும் தப்பில்லை. என்னை யாரும் தயார் செய்யவில்லை, அவ்வளவுதான்.

'தயார் செய்வது' என்றவுடன் நம்மில் பலருக்கு என்ன நினைவு வருகிறது? மூன்று வயதுப் பிள்ளைக்கு டை கட்டி, ஷூ மாட்டி, ஏ.பி.சி.டி. ஒப்பிக்க வைப்பது! இந்த இடத்தில்தான் எனக்கு வேறு கருத்து. பள்ளிக்குத் தயார் ஆவது என்றால் எழுத்து தெரிவது இல்லை. நாலு பேர் நடுவில் பேர் சொல்லத் தெரிவது. மற்றவன் பேசும்போது காது கொடுக்கத் தெரிவது. தன் முறை வரும் வரைக்கும் பொறுத்திருக்கத் தெரிவது. தேவையை வாய்விட்டுக் கேட்பது. அம்மா கண்ணில் படாவிட்டாலும் இரண்டு மணி நேரம் அழாமல் இருப்பது. இதெல்லாம் புத்தகத்தில் வராது. விளையாட்டிலும் கதையிலும்தான் வரும். அந்த இரண்டுமே நம் தெருவில் காசில்லாமல் கிடக்கின்றன!

தோட்டம் என்றுதான் பேர் வைத்தார்கள்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்கிறோமே, அந்த 'கே.ஜி.' எங்கிருந்து வந்தது? ஜெர்மனி நாட்டில் ஃப்ரோபெல் என்ற ஆசிரியர் 1837-ல் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பள்ளி தொடங்கினார். 1840-ல் அதற்கு 'கிண்டர்கார்ட்டன்' என்று பேர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். மரக்கட்டை, பந்து, பாட்டு, செடி வளர்ப்பு, இவைதான் அங்கே பாடம். இன்றைக்கு நாம் அந்தப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு தோட்டத்தை மூடிவிட்டோம். விதை போட்ட மறுநாளே மண்ணைக் கிளறி "முளைச்சிருச்சா?" என்று பார்க்கிறோம்.

நம் நாட்டிலும் இதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியர் ஆனவர். 1920-ல் பாவ்நகரில் குழந்தைகளுக்கென்று பால மந்திர் தொடங்கினார். அடங்காத வகுப்பைக் கதை சொல்லியே தன் பக்கம் இழுக்கும் ஒரு ஆசிரியரைப் பற்றி அவர் எழுதிய நூல் 'பகல் கனவு' என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது. நம் பேரவை நண்பர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய சின்னப் புத்தகம்.

அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக் 1945-ல் மகாராஷ்டிரக் கடற்கரையில் போர்டி என்ற கிராமத்துக்குப் போனார். கூடவே அனுதாய் வாக் என்ற ஆசிரியை. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றதும் இவர்களே பிள்ளைகள் இருக்கும் முற்றத்துக்குப் போனார்கள். கிளிஞ்சல், கூழாங்கல், இலை, விதை, அந்த ஊரில் கிடைத்ததே விளையாட்டுச் சாமான். 'அங்கன்' என்றால் வீட்டு முற்றம். 'அங்கன்வாடி' என்ற சொல்லின் வேர் அதுதான். அதாவது, பிள்ளை நம்மைத் தேடி வரவேண்டும் என்று காத்திருக்காமல் நாம் பிள்ளையின் வாசலுக்குப் போவது!

1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது பள்ளி வயதுக்கு வராத சின்னப் பிள்ளைகளுக்கும் சோறு கிடைத்தது. இன்று தமிழ்நாடு முழுக்க 50,000-க்கும் அதிகமான அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. நம் பாலிடெக்னிக்கைச் சுற்றியுள்ள எந்த ஊருக்குப் போனாலும் சுவரில் படம் வரைந்த அந்தச் சின்னக் கட்டடத்தைப் பார்க்கலாம்.

கட்டடம் இருக்கிறது. ஆனால் அதற்குள் போய்ப் பாருங்கள். ஒரே ஒரு பணியாளர். எடை பார்க்கணும், சத்துமாவு கொடுக்கணும், தடுப்பூசிக்குத் தாய்மாரைக் கூப்பிடணும், கர்ப்பிணிகள் கணக்கு வைக்கணும், பதிவேடு எழுதணும், போதாததற்கு எல்லாவற்றையும் செல்போனில் ஏற்றணும். கூட ஒரு உதவியாளர் இருந்தால் அவர் சமைக்கணும். நடுவில் எப்போது கதை சொல்வது? எங்கள் ஊர் அங்கன்வாடி அக்கா என்னிடம் சொன்னார்: "பாட்டு, கதை எல்லாம் எனக்கும் தெரியும் தம்பி. ஆனா ரெண்டு கைதானே இருக்கு!" ஆகவே, அவர்களைக் குறை சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அந்த இரண்டு கையோடு நம் கையும் சேரணும் என்றுதான் எழுதுகிறேன்.

சட்டத்தையும் பாருங்கள். 2002-ல் வந்த 86-வது அரசியல் சட்டத் திருத்தம் 6 வயது முதல் 14 வயது வரைக்கும் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறு வயதுக்குக் கீழே? அரசு அதற்கு 'முயற்சி செய்ய வேண்டும்' என்பதோடு நிறுத்திக்கொண்டது. காசு இருக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கு அந்த மூன்று வருஷத்தில் எல்லாம் கிடைத்துவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளை மூன்று வருஷம் பின்னாலிருந்து ஓடத் தொடங்குகிறான். அப்புறம் பரிசு வாங்கவில்லை என்று அவனையே திட்டுகிறோம்!

புளியமுத்தும் பாடம்தான்

"விளையாட்டுல என்னடா பாடம் இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு என் அக்கா மகளைக் காட்டுகிறேன். நாலு வயது. எங்கள் வீட்டுத் திண்ணையில் பல்லாங்குழி ஆடுவாள். பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினாலு குழி. ஒரு குழியில் உள்ள புளியமுத்தை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகணும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாயால் ஒப்பிக்கிற பிள்ளைக்கு எண் ஒரு பாட்டு மாதிரிதான். ஆனால் ஒரு முத்துக்கு ஒரு குழி என்று போடுகிற பிள்ளைக்கு எண் ஒரு பொருள். கணக்கின் அஸ்திவாரமே அதுதானே! அந்த முத்தை இரண்டு விரலால் கிள்ளி எடுக்கிறாளே, அதே இரண்டு விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். களிமண் உருட்டினாலும் அந்த பலம் வரும். எனக்கு சிலேட்டுக்குச்சி பிடிக்க வரவில்லை என்றேனே, மூளை இல்லாததால் இல்லை, விரலுக்குப் பழக்கம் இல்லாததால்.

'கல்லா மண்ணா' ஆடினால் காதில் விழுந்ததைச் சட்டென்று புரிந்து கால் ஓடணும். பாண்டி ஆடினால் கோட்டை மிதிக்காமல் ஒற்றைக்காலில் நிற்கணும், அவுட் ஆனால் ஒத்துக்கொண்டு வெளியே வரணும். தோற்றாலும் நாளைக்கு மறுபடி வரலாம் என்று ஒரு பிள்ளைக்கு எந்தப் பாடப்புத்தகம் சொல்லித் தரும்?

கதைக்கு வருவோம். நம் கரிசல் காட்டில் கதைக்கா பஞ்சம்? இடைசெவல் கிராமத்தில் பிறந்த கி. ராஜநாராயணன் ஏழாம் வகுப்புக்கு மேல் போகாதவர். ஊர் ஊராகக் கிடந்த நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டித் தந்தார், 1991-ல் சாகித்ய அகாதெமி பரிசும் வாங்கினார். அந்தக் கதைகளெல்லாம் யாரிடமிருந்து வந்தன? நம் ஆச்சிகளிடமிருந்தும் தாத்தாக்களிடமிருந்தும்தான். கையெழுத்துப் போடத் தெரியாத அவர்களிடம் இருக்கிற கதை, பீஸ் வாங்குகிற நர்சரியில் இல்லை.

நம் ஊரில் கதை கேட்கிறவன் 'உம்' கொட்டணும். கொட்டவில்லை என்றால் சொல்கிறவர் நிறுத்திவிடுவார். இந்த 'உம்' சின்ன விஷயம் இல்லை. "நான் கேட்டுக்கிட்டு இருக்கேன், நீ சொல்லு" என்று ஒரு பிள்ளை பெரியவருக்குச் சொல்கிற பதில் அது. 'உம்' கொட்டிப் பழகிய பிள்ளை வகுப்பில் டீச்சர் சொல்வதையும் கேட்கும், நடுவில் கேள்வியும் கேட்கும். பாட்டி வடை சுட்ட கதையை நான் சொல்லி முடித்ததும் அக்கா மகள் கேட்டாள்: "ஏன் மாமா, காக்கா பாட்டிகிட்ட கேட்டிருந்தா அதுவே குடுத்திருக்கும்ல?" எனக்குப் பதில் தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக அந்தக் கதையைத் தெரிந்து வைத்திருக்கிற எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை!

தண்ணீர் காட்டும் நேரம்

நம் துறைக்காரர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். கான்கிரீட் போட்டால் 28-வது நாள் க்யூபை உடைத்துப் பார்த்து பலம் எழுதுகிறோம். ஆனால் சாதாரண சிமெண்டில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பலம் முதல் ஏழு நாளிலேயே வந்துவிடுகிறது. அந்த நாட்களில் சாக்கு போட்டு, தண்ணீர் தேங்க வைத்துக் காப்பாற்றணும். அதை விட்டுவிட்டுக் கடைசி வாரம் ஹோஸ் பைப்பில் பீய்ச்சி அடித்தாலும் போன பலம் முழுசாக வராது. பிள்ளை கான்கிரீட் இல்லைதான். பிந்தியும் எழுந்து வரலாம், நானே வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு எவ்வளவு கஷ்டம், எத்தனை வருஷம்! நாம் பத்தாம் வகுப்புக்கு டியூஷன், பன்னிரண்டாம் வகுப்புக்கு சிறப்பு வகுப்பு என்று 28-வது நாளுக்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இடுப்பில் இருந்த தம்பி

2021 கடைசியில் கொரோனாவுக்குப் பிறகு தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' கொண்டு வந்தது. எங்கள் தெருவிலும் ஒரு அக்கா சாயங்காலம் வகுப்பு நடத்தினார். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் அந்த வகுப்பு. ஆனால் பெண்பிள்ளைகள் பலர் தம்பி தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் விட்டுவர ஆள் இல்லை. அந்த அக்கா விரட்டவில்லை. பொடிசுகளுக்கு ஓரமாகப் பாய் விரித்தார். பாட்டையும் கதையையும் கேட்டுக் கேட்டு அதுகள் வாய் திறந்தன. அவர்களில் மூன்று பேர் அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கு அழவே இல்லை என்று அந்தப் பள்ளி டீச்சரே சொன்னார்.

இடுப்பில் இருந்த தம்பியைப் பற்றி எல்லாரும் பேசலாம். தூக்கிக்கொண்டு வந்த அக்காவைப் பற்றி யார் பேசுவது? என் அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றாள். அவளுக்குப் படிப்பு வராமல் இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எனக்கு அப்போது இரண்டரை வயது. தெருவில் எனக்கு என்று ஒரு பாயும் இரண்டு கதையும் இருந்திருந்தால் அவள் ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பாள். 'எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி' என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்க நினைத்திருக்கிறேன். அந்த 'முதல்' என் இடம் இல்லை நண்பர்களே, அது அக்காவுடையது. சின்னப் பிள்ளைக்கு ஒரு முற்றம் கொடுத்தால் அந்த வீட்டுப் பெரிய பெண்ணுக்கு ஒரு பள்ளிக்கூடம் கிடைக்கும். நான் சொல்ல வந்ததே இதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

"நாம டீச்சர் டிரெயினிங்கா படிச்சிருக்கோம்?" என்று சிலர் கேட்கலாம். எழுத்து சொல்லிக்கொடுக்கத்தான் பயிற்சி வேண்டும். அந்த வேலையை நாம் தொடவே வேண்டாம். கதை சொல்லவும் கூட விளையாடவும் மனசும் பொறுமையும் இருந்தால் போதும். "ஏ.பி.சி.டி. சொல்லிக்குடுங்க தம்பி" என்று தாய்மார்கள் கேட்பார்கள். கோபப்படக் கூடாது. அவர்களையும் பாயில் உட்கார வைத்து, பிள்ளை எத்தனை முத்து எண்ணுகிறது என்று காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

நம் முகாம்களில் ஒரு குறை உண்டு, மனசாட்சியோடு ஒத்துக்கொள்வோம். ஒரு நாள் போகிறோம், கோயிலைச் சுற்றிக் கூட்டுகிறோம், பேனர் பிடித்து போட்டோ எடுக்கிறோம், பஸ் ஏறுகிறோம். சின்னப் பிள்ளைகளிடம் அப்படிச் செய்தால் பாவம். ஒரு நாள் வந்து சிரித்துவிட்டு மறுபடி வராதவனைப் பிள்ளை மறப்பதில்லை.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இது. பக்கத்து ஊர்களில் மூன்று தெருக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை ஒரு மணி நேரம், ஒரு வருஷம் விடாமல். ஒவ்வொரு தெருவுக்கும் மாணவர், மாணவியர் சேர்ந்து நாலு பேர், செமஸ்டர் பரீட்சைக் காலத்தில் முறை மாற்றிக்கொள்ளலாம். முதலில் அங்கன்வாடி அக்காவிடமும் ஊராட்சித் தலைவரிடமும் கேட்போம், அவர்களுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். பெற்றோர் ஒருவராவது கூட இருக்கட்டும். சாமான்? இரண்டு பாய், ஒரு படி புளியமுத்து, களிமண், சாக்பீஸ். ஊர் ஆச்சி ஒருவரைக் கதை சொல்லக் கூப்பிடுவோம். ஒரு சினிமா டிக்கெட் காசுகூட ஆகாது.

நம்மில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். வைவாவில் வாய் வராமல் நின்றவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். நமக்குக் கிடைக்காத அந்த முதல் வருஷங்களை நாம் திரும்ப வாங்க முடியாது. ஆனால் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க முடியும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணையில் ஆறு பொடிசுகளை வைத்து நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே அடுப்படியில் இருந்த அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அமைப்பியல் துறையில் என்னிடம் வாருங்கள். முதல் பெயரை எழுதிவிட்டேன். அது என்னுடையது.

- மூன்றாம் ஆண்டு மாணவன்,
அமைப்பியல் துறை.